பூனை இல்லாத வீட்டில் பூச்சி

கடந்த ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் என் அக்கா குடும்பத்தினர் பன்னிரண்டு நாள் ஈப்போவுக்குச் சென்றிருந்தனர். அவர்கள் வளர்க்கும் மீனு என்னும் பூனையை யீஷூனில் இருக்கும் பாட்டியின் வீட்டில் விட்டுவிட்டு, தங்கள் வீட்டின் கதவு, சன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். திரும்பி வந்த இரவு, வரவேற்பறையின் கம்பளத்தில் உட்கார்ந்து பைகளைப் பிரித்துக்கொண்டிருந்த அக்காள் மகள் திடீரென்று அலறினாள். அவளது வெள்ளைக் காலுறையின் மேல் கறுப்புப் புள்ளிகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிடத்திற்குள் அவள் கணுக்கால் முழுவதும் சிவந்து தடித்துவிட்டது.

அன்றிரவே எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. நான் சில ஆண்டுகள் ஒரு விலங்கு மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்தவன். ஆகவே, குடும்பத்தில் எந்த வீட்டுப் பிராணிக்கு என்ன வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள்.

“மாமா, மீனு இங்கே இல்லவே இல்லை. பன்னிரண்டு நாளாக வீடு பூட்டியே கிடந்தது. பிறகு எப்படி இவ்வளவு பூச்சி வந்தது?” என்று கேட்டாள் அவள். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: “இனிமேல் பூனையே வேண்டாம். நாளைக்கே யாருக்காவது கொடுத்துவிடலாம்.”

உயர்நிலை இரண்டில் படிக்கும் அந்தப் பெண்ணின் கேள்வி நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிந்தால்தான் அக்காவின் முடிவு சரியா, தவறா என்று சொல்ல முடியும்.

முதலில் அந்தப் பூச்சியின் பெயரைத் தெரிந்துகொள்வோம். நம் வீடுகளில் நாய், பூனைகளின் உடலில் ஊரும் எதையும் ‘உண்ணி’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், துள்ளிக் குதித்தது உண்ணி அன்று. உண்ணிக்குத் துள்ளத் தெரியாது. எட்டுக் கால்களால் மெதுவாக ஊர்ந்து செல்லும். அது சிலந்தியின் உறவினம். துள்ளுவது தெள்ளுப்பூச்சி. இதற்கு ஆறு கால்கள் உண்டு, சிறகுகள் இல்லை. நீளம் 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். இரண்டு பக்கமும் அழுத்தப்பட்டது போன்ற தட்டையான உடல் என்பதால், அடர்ந்த உரோமத்திற்குள் மீன் நீந்துவதுபோல் நுழைந்து ஓடிவிடும். விரல்களுக்கிடையே பிடித்து நசுக்கினாலும் எளிதில் சாகாது.

தெள்ளுப்பூச்சிகளில் பல இனங்கள் உண்டு. வீட்டுப் பிராணிகளில் மிகுதியாகக் காணப்படுவது ‘பூனைத் தெள்ளு’. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நாய்களின் மேலும் பெரும்பாலும் இருப்பது இதே இனம்தான். மனிதரையும் கடிக்கும், ஆனால், நம் உடலில் குடியிருக்காது. தன் உடல் நீளத்தைப் போல் ஐம்பது மடங்கு உயரத்திற்கு இது தாவக்கூடியது. கால் தசையின் வலிமை மட்டும் இதற்குப் போதாது. உடலுக்குள் இருக்கும் ‘ரெசிலின்’ என்னும் ரப்பர் போன்ற பொருளை முன்கூட்டியே அழுத்தி வைத்து, வில்லிலிருந்து அம்பை விடுவதுபோல் ஒரே நொடியில் விடுவிக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் அதிவேக ஒளிப்படக் கருவியால் படமெடுத்துப் பார்த்து, அது கால்விரல்களால் தரையை உந்தியே தாவுகிறது என்று காட்டினார்கள்.

இனி, பூட்டிய வீட்டின் மர்மத்திற்கு வருவோம்.

ஒரு பெண் தெள்ளுப்பூச்சி, பூனையின் உடலில் ஏறி இரத்தம் குடித்த இரண்டு நாளுக்குள் முட்டையிடத் தொடங்கும். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முட்டைகள்கூட இடும். முட்டைகள் அரை மில்லிமீட்டர் அளவில் வெள்ளையாக, வழுவழுப்பாக இருக்கும். பேன் தன் முட்டையான ஈரை முடியில் ஒட்டி வைக்கும். தெள்ளுப்பூச்சியோ அப்படி ஒட்டுவதில்லை. ஆகவே, பூனை நடக்கும்போதும், சொறியும்போதும், சோபாவிலிருந்து குதிக்கும்போதும் அவை உதிர்ந்துகொண்டே இருக்கும். உப்புத்தூள் குப்பியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பூனை அதிகமாகப் படுத்துறங்கும் இடத்தில்தான் அதிகமாகக் கொட்டும்.

சில நாளில் முட்டையிலிருந்து நூல் போன்ற சிறு புழு வெளிவரும். அதற்கு வெளிச்சம் ஆகாது. கம்பளத்தின் அடிப்பகுதி, மெத்தை இடுக்கு, கட்டிலுக்குக் கீழே உள்ள தூசி என இருட்டைத் தேடிப் போய்விடும். அது என்ன தின்கிறது தெரியுமா? தாய்ப்பூச்சியின் எச்சத்தை! முதிர்ந்த பூச்சி தனக்குத் தேவையானதைவிட மிக அதிகமாக இரத்தம் குடித்து, அதில் பெரும்பகுதியைச் செரிக்காமலே கழிக்கிறது. அந்தக் காய்ந்த இரத்தத் துணுக்குகளும் முட்டைகளோடு சேர்ந்து தரையில் உதிர்கின்றன. பிள்ளைகளுக்கு உணவும் மேலிருந்தே வந்துவிடுகிறது. அருவருப்பான ஏற்பாடுதான். ஆனாலும், இதைவிடத் திறமையான ஓர் ஏற்பாட்டை நான் அறிந்ததில்லை.

வளர்ந்த புழு, பட்டு நூலால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு பிசுபிசுப்பானது. தூசியும் மணலும் நூலிழைகளும் அதில் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தூசி உருண்டை போலவே தெரியும். இந்தக் கூட்டுக்குள் பூச்சி முழு உருவம் பெற்றுவிடுகிறது. பெற்றவுடன் வெளியே வந்துவிடாது. வெளியே வந்தபின் இரத்தம் கிடைக்காவிட்டால் அதனால் நெடுநாள் வாழ முடியாது. எனவே, கூட்டுக்குள்ளேயே காத்திருக்கும். ஒரு வாரம் மட்டுமன்று. தேவைப்பட்டால் பல மாதங்கள்கூடக் காத்திருக்கும். தரை அதிர வேண்டும், உடல் வெப்பம் படவேண்டும், மூச்சில் வெளிவரும் கரியமில வாயு எட்டவேண்டும். இவை ‘உணவு வந்துவிட்டது’ என்பதற்கான அடையாளங்கள். உடனே கூட்டைக் கிழித்துக்கொண்டு தாவும்.

அக்கா வீட்டில் நடந்தது இதுதான். பன்னிரண்டு நாளாக யாரும் நடமாடாத வீட்டில் முட்டைகள் பொரிந்தன. ஏற்கெனவே இருந்த புழுக்கள் கூடு கட்டின. கூடு கட்டியவை காத்திருந்தன. நான்கு பேர் கதவைத் திறந்து, பெட்டிகளை உருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன.

ஒரு வீட்டில் இருக்கும் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் பிராணியின் உடலில் நாம் காணும் முதிர்ந்த பூச்சிகள் ஏறத்தாழ ஐந்து விழுக்காடுதான் என்று விலங்கு மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையிலும் துணியிலும் கிடக்கிறது. மீனுவை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அந்த ஐந்து விழுக்காடு மட்டும் இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கும். மீதமிருப்பவை, பூனை இல்லையென்றால் என்ன, கணுக்கால்கள் இருக்கின்றனவே என்று கடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

நம் நாட்டின் தட்பவெப்பநிலையும் இவற்றுக்குச் சாதகமானது. முட்டையும் புழுவும் காய்ந்த காற்றில் பிழைக்காது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வெளியிடங்களில் இவற்றின் பெருக்கத்தைத் தடுத்துவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் உண்டு. முட்டையிலிருந்து முழுப்பூச்சியாவதற்கு மூன்று, நான்கு வாரம் போதும். எனவே, ‘இது தெள்ளுப்பூச்சிக் காலமன்று’ என்று சொல்லக்கூடிய மாதமே நமக்கு இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல் சிங்கப்பூரின் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம் என்று ஆகியிருக்கிறது. முதன்முறையாகப் பூனை வளர்ப்போர் பலர் இதை அறிந்திருப்பது நல்லது.

“வெளியே போகாத பூனைக்கு எப்படிப் பூச்சி வரும்?” என்று சிலர் கேட்பார்கள். நடைபாதையில் படுத்திருந்த ஒரு தெருப்பூனை சில முட்டைகளை உதிர்த்துவிட்டுப் போயிருக்கலாம். பழைய சோபா ஒன்றை யாரோ கொடுத்திருக்கலாம். கூட்டிலிருந்து புறப்பட்ட பூச்சி நம் காற்சட்டையிலேயே ஏறி வந்திருக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுத்தமான வீடுகளுக்கும் இது வரும்.

இது வெறும் அரிப்புத் தொல்லைதானே என்று விட்டுவிடலாமா? வளர்ந்த, நலமான பூனைக்குப் பத்துப் பூச்சிகள் பெரும்பாலும் தொல்லை மட்டும்தான். சில நாய், பூனைகளுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாது. அவை ஒரே ஒரு கடிக்கே முதுகின் பின்பகுதியைக் கடித்துக் கடித்து முடியைப் பிடுங்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். குட்டிகளுக்கோ உயிராபத்து. ஒரு பெண் தெள்ளுப்பூச்சி நாளொன்றுக்குத் தன் எடையைப் போல் பதினைந்து மடங்கு இரத்தம் குடிக்கும். எழுபத்திரண்டு பூச்சிகள் சேர்ந்தால் ஒரு நாளில் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் போய்விடும். கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால், அரைக்கிலோ எடையுள்ள பூனைக்குட்டியின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 30 மில்லிலிட்டர்தான். தெருவோரம் கண்டெடுத்த குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். ‘தூங்கிக்கொண்டே இருக்கிறது, சாதுவான குட்டி’ என்பார்கள். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு இளஞ்சிவப்பாக இருக்காது. வெள்ளைத் தாள்போல் வெளுத்திருக்கும். அது சாதுத்தனமன்று, இரத்தச்சோகை. அப்படிப்பட்ட குட்டிக்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

தெள்ளுப்பூச்சி தனியாகவும் வருவதில்லை. நாடாப்புழு என்னும் குடற்புழுவின் முட்டைகளைத் தெள்ளின் இளம்புழு தின்றுவிடும். அது வளர்ந்து பூச்சியானபின், பூனை தன் உடலை நக்கும்போது பூச்சியையும் சேர்த்து விழுங்குகிறது. அப்போது நாடாப்புழு பூனையின் குடலுக்குள் புகுந்துவிடுகிறது. பூனையின் வாலடியிலோ படுக்கையிலோ அரிசி மணி போன்ற துண்டுகள் நெளிந்தால் அவை நாடாப்புழுவின் துணுக்குகள். புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டுப் பூச்சியை விட்டுவிட்டால் அடுத்த மாதம் மீண்டும் அரிசி மணிகள் தெரியும்.

பிராணியிடம் பூச்சி இருக்கிறதா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. நெருக்கமான பற்களைக் கொண்ட பேன் சீப்பால் வால்பகுதியையும் கழுத்தையும் சீவுங்கள். சீப்பில் வரும் கறுப்புத் துகள்களை ஈரமான வெள்ளைத் தாளின்மேல் தட்டுங்கள். சாதாரண அழுக்கு கறுப்பாகவே இருக்கும். தெள்ளின் எச்சமாக இருந்தால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவும். ஏனென்றால், அது இரத்தம். பாட்டி தம் பேன் சீப்பைக் கொண்டு மீனுவைச் சீவி, சிக்கிய பூச்சிகளைச் சவர்க்கார நீரில் தட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் முதலில் சரியாக நடந்துகொண்டவர் அவர்தான்.

தவறிழைக்க இருந்தவர் என் அத்தான். மறுநாள் காலையிலேயே ஒரு கடையில் மருந்து வாங்கிவிட்டார். கழுத்தின் பின்புறம் சொட்டுச் சொட்டாக விடும் மருந்து. உறையில் நாயின் படம். “பூனை சின்னதுதானே, பாதி விட்டால் போதாதா?” என்று என்னிடம் கேட்டார். நல்லவேளை, விடுவதற்கு முன்பே கேட்டார்.

நாய்களுக்கான சில மருந்துகளில் ‘பெர்மெத்ரின்’ என்னும் பூச்சிக்கொல்லி செறிவாக இருக்கும். நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலால் அவ்வாறு விரைவாகச் சிதைக்க முடியாது. சில மணி நேரத்தில் காது, முகம், கால்கள் துடிக்கத் தொடங்கும், பிறகு வலிப்பு வரும், உயிரும் போகலாம். பாதி அளவு, கால் அளவு என்பதெல்லாம் இங்கே உதவாது. அந்த மருந்து விட்ட நாயோடு ஒட்டிப் படுத்துறங்கிய பூனைக்கும் நஞ்சு ஏறியதுண்டு. பெர்மெத்ரின், சாமந்தி இனப் பூ ஒன்றிலுள்ள இயற்கைப் பொருளை ஒட்டி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. ஆகவே, ‘பூவிலிருந்து எடுத்தது, தீங்கு செய்யாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரியாமல் விட்டுவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல் உடனே விலங்கு மருத்துவரை அழைக்க வேண்டும்.

மண்ணெண்ணெய் தடவுவது, உணவில் பூண்டு கலப்பது போன்ற கைவைத்தியங்களும் வேண்டாம். பூண்டு நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இரத்தத்தை உறிஞ்சும் பூச்சியை விரட்ட, இரத்தத்தையே கெடுக்கும் ஒன்றைக் கொடுப்பதா?

உண்மையான உண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாய் வளர்ப்போர் அஞ்சவேண்டியது இதற்குத்தான். நம் பகுதியில் பரவலாக உள்ளது பழுப்பு நாய் உண்ணி. காதுமடல், கழுத்து, விரலிடுக்கு ஆகிய இடங்களில் ஒட்டிக்கொண்டு பல நாள் இரத்தம் குடித்து, ஆமணக்கு விதை அளவுக்குப் பருக்கும். ஆமணக்கின் இலத்தீன் பெயருக்கே ‘உண்ணி’ என்றுதான் பொருள். பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலோ கூரை இடுக்கிலோ ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். சுவரில் வரிசையாக ஊரும் சிறு புள்ளிகளைக் கண்டால் நாயை மட்டுமின்றிச் சுவரையும் கவனிக்க வேண்டும்.

உண்ணி குடிக்கும் இரத்தத்தைவிட அது செலுத்தும் கிருமி கொடியது. 1960களில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நாய்களுக்கு விளங்காத நோய் ஒன்று வந்தது. காய்ச்சல், மெலிவு, மூக்கிலிருந்து நிற்காமல் இரத்தம் வடிதல் என நாய்கள் மடிந்தன. அதே நோய் பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவ நாய்களை நூற்றுக்கணக்கில் கொன்றது. ‘எர்லிக்கியா’ என்னும் கிருமியே காரணம் என்றும், அதைப் பரப்புவது பழுப்பு நாய் உண்ணி என்றும் பின்னர் தெரியவந்தது. இன்று இதற்கு மருந்து உண்டு. தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் உண்ணியை நெருப்பால் சுடாமல், எண்ணெய் ஊற்றாமல், சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

இன்னும் சில ஒட்டுண்ணிகள் உண்டு. பூனைக்குட்டி காதைச் சொறிந்துகொண்டே இருந்து, காதுக்குள் காப்பித்தூள் போன்ற அழுக்கும் இருந்தால் அது பெரும்பாலும் காதுச் சிற்றுண்ணி. கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மணலில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலுக்குள் புகுந்து, கோடு கோடாகத் தடிப்பை உண்டாக்கும். இதயப்புழு கொசுக்கடியால் நாய்க்குப் பரவி, இதயத்திலும் நுரையீரல் நாளங்களிலும் முப்பது சென்டிமீட்டர் வரை வளரும். இதை வராமல் தடுக்க மாதந்தோறும் கொடுக்கும் மருந்து உண்டு. வந்தபின் சிகிச்சை செய்வது நாய்க்கும் வேதனை, வீட்டுக்கும் செலவு.

மீனுவின் கதைக்கு வருகிறேன். விலங்கு மருத்துவர் அதை எடை போட்டு, பூனைகளுக்குரிய சொட்டு மருந்தை மாதம் ஒரு முறை விடச் சொன்னார். நாடாப்புழுவுக்கும் மருந்து கொடுத்தார். வீட்டில் போர்வை, மெத்தை உறை, பூனையின் படுக்கை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்தார்கள். தரை, கம்பளம், சோபா இடுக்கு ஆகியவற்றைத் தூசு உறிஞ்சும் கருவியால் நாள்தோறும் சுத்தம் செய்து, உறிஞ்சிய தூசியை உடனுக்குடன் கட்டிக் குப்பையில் போட்டார்கள். கருவியின் அதிர்வும் நல்லதே செய்யும். கூட்டுக்குள் காத்திருப்பவற்றை எழுப்பிவிடும். பாட்டியின் வீட்டையும் விடவில்லை. அங்கே பளிங்குத் தரை, கம்பளம் இல்லை. ஆகவே, வேலை சீக்கிரம் முடிந்தது.

அக்காள் மகள் தினமும் மாலையில் வெள்ளைக் காலுறை அணிந்து வீடு முழுவதும் ஒரு சுற்று நடப்பாள். காலுறையில் ஏறும் பூச்சிகளை எண்ணி நாட்காட்டியில் குறிப்பாள். முதல் நாள் முப்பத்தொன்று. ஒரு வாரத்தில் அது நான்காகக் குறைந்தது. பதினாறாம் நாள் திடீரென்று பத்தொன்பது!

“மருந்து வேலை செய்யவில்லை. நான் அப்போதே சொன்னேனே” என்றார் அக்கா.

பலர் கைவிடும் இடம் இதுதான். மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கூட்டுக்குள் இருக்கும் பூச்சியை எந்தத் தெளிப்பு மருந்தும் எளிதில் எட்டாது. முன்பே கூடு கட்டியிருந்தவை ஒவ்வொரு தொகுதியாக வெளிவரத்தான் செய்யும். வெளிவந்தவை மருந்து விட்ட பூனையின்மேல் ஏறி, முட்டையிடும் முன்பே மடியும். புதிய முட்டை விழாவிட்டால் கூடுகளின் இருப்பு ஒரு நாள் தீர்ந்துதான் ஆகவேண்டும். அதற்கு மூன்று மாதம்கூட ஆகலாம். அதனால்தான், பூனையை வேறிடத்திற்கு அனுப்பாமல் அந்த வீட்டிலேயே உலவவிட்டு, மருந்தைத் தவறாமல் விடச் சொல்கிறார்கள். ஒரு வகையில் பூனையே பூச்சிகளைப் பிடிக்கும் பொறியாகிவிடுகிறது.

நான் இதை விளக்கியபோது அக்கா பதில் பேசவில்லை. “செப்டம்பர் விடுமுறை வரைக்கும் பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

நாட்காட்டியில் எண்கள் ஏறி இறங்கின: ஏழு, இரண்டு, ஐந்து, ஒன்று. செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து தொடர்ந்து பதினான்கு நாள் சுழியம். பதினைந்தாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவள் காலுறையோடு வரவேற்பறையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அக்கா சோபாவில் அமர்ந்து, மடியில் மீனுவைக் கிடத்தி, பாட்டியின் சீப்பால் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஈரமான வெள்ளைத் தாள் ஒன்று இருந்தது. அதில் சில கறுப்புத் துகள்கள். நான் குனிந்து பார்த்தேன். நிறம் பரவவில்லை; வெறும் அழுக்குதான்.